கோப்பு அப்படியே இருக்கிறது, திறக்கத்தான் ஆளில்லை

2019 அக்டோபர் 7 அன்று ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான இயங்குதளத்தின் 10.15ஆம் பதிப்பைக் கேட்டலினா என்ற பெயரில் வெளியிட்டது. திரையின் ஓரத்தில் வந்து நின்ற அறிவிப்புப் பெட்டிக்குச் சரி சொல்லிவிட்டுத் தூங்கப் போன வடிவமைப்பாளர்களில், அதுவரை அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 மென்பொருளில் புத்தகப் பக்கங்களை அமைத்துக்கொண்டிருந்தவர்கள், மறுநாள் காலையில் அதன் படவுருவின் மேல் குறுக்குக் கோடிட்ட வட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். சொடுக்கினால், இந்த நிரலை உருவாக்கியவர் இதைப் புதுப்பித்தாக வேண்டும் என்ற செய்தி மட்டும் வந்தது. உருவாக்கிய நிறுவனமோ அந்தப் பதிப்பின் விற்பனையையே 2017இல் நிறுத்திவிட்டிருந்தது.

இதில் கோப்புகளுக்கு எதுவும் ஆகவில்லை. பத்தாண்டு வேலை இருந்த அதே உறையில் (ஃபோல்டரில்) இருந்தது. கோப்பின் அளவிலோ கடைசியாகத் திருத்திய தேதியிலோ மாற்றமில்லை. வேறு வட்டில் எடுத்துவைத்த நகலும் பழுதின்றி இருந்தது. ஆனால் அந்த நகலாலும் பயனில்லை, ஏனென்றால் காணாமற்போனது கோப்பு அல்ல, கோப்பைப் படிக்கத் தெரிந்த நிரல். "அப்டேட் போட்டேன், ஃபைல் போய்விட்டது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் புகாரில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி உண்மையல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் ஏன் இப்படி நடக்கிறது, எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்பதெல்லாம் விளங்கும்.

கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படமும் வடிவமைப்புக் கோப்பும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஜேபெக்கின் அமைப்பு யாவரும் அறிந்த தரநிலை. அதைப் படிக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். இன்டிசைன் கோப்போ பெரும்பாலும் கட்டளைகளின் தொகுப்பு. இந்தப் பெயருள்ள எழுத்துருவில், இந்த அளவில், இந்தப் பத்தியை ஓட்டு. இந்த உறையில் உள்ள இந்தப் படத்தை இங்கே வை. அதன் பின்னால் இந்த நிழலைப் போடு என்று அது சொல்லிக்கொண்டே போகும். படம் வேறு உறையில் இருக்கும், எழுத்துரு இயங்குதளத்தின் வேறொரு மூலையில் இருக்கும், நிழலை எப்படிக் கணக்கிடுவது என்ற அறிவு மென்பொருளுக்குள் இருக்கும். சுரக்குறிப்பு எழுதிய தாளைப் போன்றது இது. தாள் பத்திரமாக இருந்தாலும், எந்த இடத்தில் எந்தக் கமகம் என்று அறிந்த வித்வான் இல்லாவிட்டால் அந்தக் கிருதி எழும்பாது.

காணொளித் தொகுப்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிரீமியர் புரோவின் திட்டக் கோப்பு என்பது சுருக்கிவைக்கப்பட்ட ஒரு எக்ஸ்எம்எல் உரைதான். படத்தின் ஒரு ஃபிரேம்கூட அதற்குள் கிடையாது. எந்தக் கிளிப்பை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்ற குறிப்பும், அந்தக் கிளிப் கணினியில் எந்த முகவரியில் கிடக்கிறது என்ற தகவலுமே அதில் உள்ளவை. புதிய பதிப்பில் சேமித்த திட்டத்தைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும்போது, அந்த உரையை விரித்து, அதில் பதிவாகியுள்ள பதிப்பு எண்ணை 1 என்று மாற்றி, மறுபடி சுருக்கித் திறந்துவிடுவது தொகுப்பாளர்களிடையே பழகிப்போன கைவைத்தியம். பல நேரங்களில் அது பலித்தும் விடுகிறது.

ஆகவே ஒரு படைப்புக் கோப்பு திறக்க வேண்டுமென்றால் அதன் கீழே பல அடுக்குகள் ஒழுங்காக நிற்க வேண்டும். மென்பொருள், அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்-இன்கள், எழுத்துருக்கள், காணொளியை விரித்துக் காட்டும் கோடெக்குகள், உரிமத்தைச் சரிபார்க்கும் துணை நிரல், இவை எல்லாவற்றையும் தாங்கும் இயங்குதளம், அதற்கும் கீழே சில்லு. இயங்குதளப் புதுப்பிப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றை உருவினாலும் மேலே உள்ளது ஆடும்.

கேட்டலினா உருவியது 32 பிட் அடுக்கை. 32 பிட் நிரல் ஒன்று எண்ணிக் குறிப்பிடக்கூடிய நினைவக இடங்கள் 429 கோடியே சொச்சம், அதாவது 4 ஜிபி. பெரிய படங்களையும் நீண்ட காணொளிகளையும் கையாளும் மென்பொருளுக்கு அது போதாது. அதோடு, 32 பிட் நிரல்களுக்காக இயங்குதளத்தின் ஒவ்வொரு நூலகத்தையும் இரட்டையாக வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. யாரும் நேராகப் பார்க்காத பழைய நிரல்வரிகள் கிடக்கும் இடத்தில்தான் பாதுகாப்பு ஓட்டைகளும் ஒளிந்திருக்கும். எனவே ஆப்பிளின் முடிவில் காரணம் இல்லாமலில்லை. முன்னறிவிப்பும் இருந்தது. 2018இல் வந்த 10.13.4 பதிப்பிலிருந்தே 32 பிட் நிரலைத் திறக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி வரத் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த மொஹாவியே 32 பிட் நிரல்களை ஏற்கும் கடைசிப் பதிப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கைப் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம் என்பது வேறு விஷயம்.

ஆனால் இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. பழைய மேக் நிரல்கள் பல, கார்பன் என்ற நிரலாக்கக் கட்டமைப்பின் மேல் எழுப்பப்பட்டவை. அதன் 64 பிட் வடிவமும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தபோது, 2007இல் ஆப்பிள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இனி 64 பிட் வேண்டுமானால் கோக்கோ என்ற வேறு கட்டமைப்பில்தான் எழுத வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இருபது ஆண்டு நிரல்வரிகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஓரிரு ஆண்டில் புரட்டிப்போட முடியாமல், 2008இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்4 விண்டோஸில் 64 பிட்டாகவும் மேக்கில் 32 பிட்டாகவும் வந்தது. மேக்கில் அது 64 பிட்டானது 2010இல், சிஎஸ்5இல். இன்டிசைனுக்கு இன்னும் காலம் பிடித்தது. 2012இன் சிஎஸ்6 வரை அது 32 பிட்டே. ஒரு நிறுவனம் 2007இல் எடுத்த முடிவின் கணக்கு, இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவரின் மேசையில் 2019இல் வந்து தீர்ந்தது.

ஒரு நிரல் 64 பிட்டாக இருந்தால் தப்பித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஃபோட்டோஷாப் சிஎஸ்6இன் முதன்மை நிரல் 64 பிட்தான். ஆனால் அதை நிறுவும் நிரலிலும் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரலிலும் 32 பிட் பகுதிகள் இருந்தன. கல்யாண வீட்டில் எல்லாம் தயார், மண்டபத்துச் சாவி மட்டும் இல்லை என்ற கதைதான். அடோபியின் லென்ஸ் புரொஃபைல் கிரியேட்டர், நிரல்துண்டுகளை எழுத உதவிய எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் டூல்கிட் ஆகிய துணைக் கருவிகளும் அதோடு நின்றன. ஆப்பிளின் சொந்த ஒளிப்பட மென்பொருளான அபெர்ச்சர் 64 பிட் நிரலே. ஆனாலும் அது மொஹாவிக்குப் பிந்திய எந்தப் பதிப்பிலும் இயங்காது என்று அறிவிக்கப்பட்டது. அதன் மேம்பாட்டை 2014இலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அபெர்ச்சரில் வண்ணமும் வெளிச்சமும் திருத்திய படங்களின் மூலப் பிரதிகளை அடோபியின் ஒளிப்பட மென்பொருளான லைட்ரூமுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் செய்த திருத்தங்கள் அங்கே அப்படியே வந்து சேராது, ஏனென்றால் அந்தத் திருத்தங்கள் அபெர்ச்சருக்கு மட்டுமே புரிந்த குறிப்புகள். இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்த திருமண ஆல்பத்தின் படங்கள், கேமராவிலிருந்து இறங்கிய அன்றைய தோற்றத்துக்கே திரும்பிவிடும்.

கேட்டலினாவோடு, காணொளிகளை இயக்கிவந்த குவிக்டைம் 7 கட்டமைப்பும் விடைபெற்றது. அதை நம்பியிருந்த சினிஃபார்ம், சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளில் பதிவான காணொளிகளை அந்தப் பதிப்பில் ஆப்பிளின் நிரல்கள் காட்ட முடியாது. இங்கே ஆப்பிள் ஓரளவு பொறுப்புடன் நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். மொஹாவி இருந்த காலத்திலேயே, 2019இன் முற்பகுதியில் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ, ஐமூவி பதிப்புகளில் இத்தகைய கிளிப்புகளைக் கண்டுபிடித்து, முன்னதில் புரோரெஸ் வடிவத்துக்கும் பின்னதில் எச்.264 வடிவத்துக்கும் மாற்றித் தரும் வசதி இருந்தது. ஆனால் அந்த மாற்றத்தைப் புதுப்பிப்புக்கு முன்னால் செய்ய வேண்டும். இயங்குதளத்தை மாற்றிய பிறகு நினைவு வந்தால், மொஹாவி உள்ள கணினியைத் தேடித்தான் போக வேண்டும்.

இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் வந்தது. கேட்டலினா இயங்குதளத்தின் பகுதியை, எழுத முடியாத தனிப் பிரிவாகப் பூட்டியது. அதனால் வட்டின் மேல்மட்டத்தில் பயனர்கள் சொந்தமாக உருவாக்கி வைத்திருந்த உறைகளுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நிறுவும்போது அது அவற்றை எடுத்து ரீலொகேட்டட் ஐட்டம்ஸ் என்ற உறைக்குள் போட்டுவிடும். எதுவும் அழியவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் வட்டின் மேல்மட்டத்தில் "படங்கள்" என்று ஓர் உறை வைத்து, நூற்றுக்கணக்கான பக்கங்களை அதனோடு இணைத்திருந்த ஒருவருக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் இணைப்பு அறுந்ததைச் சுட்டும் சிவப்புக் கேள்விக்குறி நிற்கும். கேள்விக்குறியைக் கண்டு பதறி உடனே கோப்பைச் சேமித்து மூடிவிடாமல், உறையின் புதிய முகவரியை ஒருமுறை காட்டினால் தீரக்கூடிய சிக்கல் இது.

தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இந்தக் கதையில் தனியான ஓர் அத்தியாயம் உண்டு. 1990களிலும் 2000களிலும் தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் பெருமளவில் பேஜ்மேக்கரில்தான் வடிவமைக்கப்பட்டன. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன்பின் அடோபி இன்டிசைனையே வளர்த்தது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறந்து தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் திறனை இன்டிசைனில் சிஎஸ்6 வரை வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்து வந்த சந்தாமுறைப் பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளைக் கொம்பும் காலும் பிசகாமல் கோக்கும் வசதியை அடோபி இன்டிசைனில் முறையாக அளித்ததும் அதே சிஎஸ்6இல்தான். ஆக, ஒரு கை பழைய பேஜ்மேக்கரையும் மறு கை ஒருங்குறித் தமிழையும் பிடித்திருந்த ஒரே பதிப்பு அது. மேக்கில் அந்தப் பதிப்பு 32 பிட். கேட்டலினா நிறுவப்பட்ட கணினிகளில் விழுந்தது ஏதோ ஒரு பழைய மென்பொருள் அல்ல, ஆற்றின் இரு கரைக்கும் நடுவே இருந்த ஒரே பாலம்.

அந்தப் பக்கத்துக் கரையில் இருப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் 8 பிட் எழுத்துருக்கள். கணினியைப் பொறுத்தவரை அவற்றில் தமிழே கிடையாது. ரோமன் எழுத்துகளுக்குரிய எண்கள்தான் கோப்பில் பதிவாகும். அந்த எண்களுக்குரிய படங்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தட்டினால் கோப்பில் உள்ளபடி பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ரோமன் எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். அது இல்லாத கணினியில் திறந்தால், இன்டிசைன் பக்கம் முழுவதும் இளஞ்சிவப்புப் பட்டை போட்டு, அதன் மேல் அர்த்தமற்ற ரோமன் எழுத்துகளைக் கொட்டிக் காட்டும். பாமினிக்கு ஒரு வரிசை, மற்றொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கு வேறொரு வரிசை. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. பின்னர் 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் ஏற்றது. அதற்குள் ஏராளமான பக்கங்கள் அச்சாகி, கோப்புகளாகக் குறுந்தகடுகளில் உறங்கப் போய்விட்டன.

இயங்குதளத்துக்கும் இந்த எழுத்துருக்களுக்கும் இடையே ஆரம்பம் முதலே உரசல் உண்டு. தஸ்கி என்ற குறியீட்டு முறையில் "இ" எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் 173. அந்த எண்ணைப் பல மென்பொருள்கள் வரி ஒடியும் இடத்தில் மட்டும் தோன்ற வேண்டிய மென்கோடாகக் கருதும். விளைவாக, வரியின் நடுவே வரும் "இ" சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். "இது" என்று தட்டினால் "து" மட்டும் நிற்கும். பிந்தைய தஸ்கி பதிப்பில் அதற்கு 254ஆம் இடத்தையும் கொடுத்தது இதற்காகவே. கீழே உள்ள அடுக்கு மேலே உள்ள எழுத்துக்கு என்ன பொருள் கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறிய, தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மேக்கில் புழங்கிய பழைய எழுத்துருக்களில் பல, போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகையைச் சேர்ந்தவை. அந்தக் கால மேக் இயங்குதளம் ஒரு கோப்பை இரு கிளைகளாகச் சேமிக்கும். எழுத்துருவின் சரக்கு முழுவதும் ரிசோர்ஸ் கிளை என்ற இரண்டாவது கிளையில் இருக்கும். அதை விண்டோஸ் வழியாகவோ சாதாரணப் பென்டிரைவ் வழியாகவோ எடுத்துப் போனால் அந்தக் கிளை கழன்றுவிடக்கூடும். இலக்கில் போய்ப் பார்த்தால் எழுத்துருவின் பெயர் இருக்கும், அளவு 0 கேபி என்று இருக்கும். காப்பு எடுத்துவிட்டோம் என்று நம்பிப் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்த எத்தனையோ பேர் இந்தச் சுழியத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் கையில் எடுத்த பழைய வட்டு ஒன்றில் பன்னிரண்டு எழுத்துருக்கள் இருந்தன, பன்னிரண்டும் இப்படித்தான். சுழியமாகாமல் தப்பியவற்றுக்கும் 2023 ஜனவரியில் இன்னொரு தடை வந்தது. அதன்பின் வந்த தன் வடிவமைப்பு மென்பொருள்கள் டைப் 1 எழுத்துருக்களைக் கண்டுகொள்ளாது என்று அடோபி இரண்டாண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தபடி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பிடிஎஃப்பில் பொதிந்திருப்பவை தெரியும். புதிதாகத் திருத்த முடியாது.

விண்டோஸ் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. 64 பிட் விண்டோஸ் இன்றும் 32 பிட் நிரல்களை இயக்குகிறது. 16 பிட் நிரல்களைத்தான் அது கைவிட்டது. சிஎஸ்6 விண்டோஸ் 11இலும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழகத்துச் சிறு அச்சகங்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் என்பதால், மேக்கில் விழுந்த பாலம் அவர்களுக்கு விழவில்லை. ஆனால் அங்கே வேறு முடிச்சு உண்டு. இந்திய மொழி எழுத்துருத் தொகுப்புகள் பல, கணினியின் பின்புறம் செருகும் டாங்கிள் என்ற பூட்டோடு விற்கப்பட்டன. நிரல் 32 பிட்டாக இருந்தாலும் ஓடும், ஆனால் டாங்கிளோடு பேசும் டிரைவர் இயங்குதளத்தின் கருவுக்குள் அமர வேண்டியது. 64 பிட் விண்டோஸ் அங்கே 32 பிட் டிரைவரை ஏற்காது, கையொப்பமில்லாத டிரைவரையும் ஏற்காது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்து, அதன் 32 பிட் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினிகளை மாற்ற வேண்டி வந்தபோது, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பது அப்படிப்பட்ட டாங்கிளை நம்பியிருந்தவர்களுக்குச் சிறிய செய்தியாக இருந்திருக்காது.

விண்டோஸில் நடந்த இன்னொரு நிகழ்வில், கை வைத்தது இயங்குதளமே அல்ல. 2016இல் விண்டோஸுக்கான குவிக்டைமில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. ஆப்பிள் அதற்கு மேல் அதைப் பராமரிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அதைக் கணினியிலிருந்து நீக்கிவிடும்படி அறிவுறுத்தியது. நீக்கினால் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் சில வகைக் காணொளிகளைத் திறக்க முடியாது. நீக்காவிட்டால் கணினிக்கு ஆபத்து. அடோபி 2018இல் குவிக்டைம் 7 காலத்து வடிவங்களின் ஆதரவைக் கைவிட்டுத் தன் பக்கத்துக் கணக்கை முடித்தது.

இத்தகைய சிக்கலுக்குத் தொற்றும் தன்மையும் உண்டு. ஒருவர் இயங்குதளத்தை மாற்றுகிறார். அதனால் மென்பொருளின் புதிய பதிப்புக்குப் போக நேர்கிறது. அதில் திறந்து சேமித்தவுடன் கோப்பு புதிய வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதைப் பெறும் அச்சகத்தில் பழைய பதிப்பு இருந்தால் அங்கே திறக்காது. இன்டிசைனில் ஐடிஎம்எல் என்ற இடைவடிவம் இருப்பதால் பின்னோக்கிப் போக ஒரு வழி இருக்கிறது. ஃபைனல் கட் புரோவின் நூலகங்களை ஒருமுறை மேம்படுத்தினால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. தன் கணினியில் எதையும் தொடாத ஒருவருக்கும் பிறருடைய புதுப்பிப்பின் விளைவு வந்து சேர்கிறது.

அடுத்து வரப்போவது என்ன என்பதும் ஏறக்குறைய தெரிந்ததே, ஏனென்றால் இது முன்பும் நடந்திருக்கிறது. 2006இல் மேக்குகள் பவர்பிசி சில்லிலிருந்து இன்டெலுக்கு மாறியபோது, பழைய நிரல்களை மொழிபெயர்த்து ஓட்ட ரோசெட்டா என்ற இடைநிலை நிரலைக் கொடுத்தார்கள். 2011இல் வந்த லயன் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஓவியர்கள் பலருக்குப் பிடித்தமான ஃப்ரீஹேண்ட் நின்றுபோனது. அதைத் தயாரித்த மேக்ரோமீடியாவை 2005இல் வாங்கிய அடோபி, தன் இல்லஸ்ட்ரேட்டருக்குப் போட்டியாக இருந்த அதை 2007இலேயே கைவிட்டிருந்ததால், இன்டெலுக்கான வடிவம் அதற்கு ஒருபோதும் வரவில்லை. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியபோது ரோசெட்டா 2 வந்தது. அதன் பொதுவான ஆதரவு மேக் இயங்குதளத்தின் 27ஆம் பதிப்போடு முடியும் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். முதன்மை மென்பொருள்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஃபோட்டோஷாப் 2021இலேயே புதிய சில்லுக்கு வந்துவிட்டது. மாட்டிக்கொள்ளப் போவது பிளக்-இன்கள். தனி ஒருவர் எழுதி விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட எதிரொலி விளைவு, அல்லது வண்ணம் சேர்க்கும் சிறு கருவி. ஐந்தாண்டுக்கு முன் கலவை செய்த பாடலின் கோப்பைத் திறந்தால் எல்லாத் தடங்களும் இருக்கும், அந்த ஓர் எதிரொலி மட்டும் இருக்காது. அதை மனத்தில் வைத்து அமைத்த மற்ற அளவுகள் எல்லாம் அதனால் பொருளிழந்து நிற்கும்.

பழி யாருடையது என்றால், இயங்குதளம் தயாரிப்பவர்மீது முழுவதையும் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்கூட்டிச் சொன்னார்கள், காரணம் காட்டினார்கள். பெரிய தவறு, கோப்பின் அமைப்பைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, அந்த மென்பொருளையும் பாதியில் கைவிடுபவருடையது. ஜேபெக்கைப் போல பேஜ்மேக்கரின் கோப்பமைப்பும் வெளிப்படையாக இருந்திருந்தால், எந்த 32 பிட் நிரல் நின்றாலும் யாராவது இன்னொன்றை எழுதியிருப்பார்கள். அப்படி எழுதுவதைத்தான் தன்னார்வ நிரலாளர்கள் பின்னர் செய்தார்கள். கோப்பின் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, விளக்கக் குறிப்பு எதுவுமின்றி அதன் இலக்கணத்தைக் கண்டறிந்தார்கள். அதன் பயனாக, 2015இல் வெளியான லிப்ரே ஆபிஸ் 4.4இன் டிரா நிரல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் திறனைப் பெற்றது. ஃப்ரீஹேண்ட் கோப்புகளுக்கும் இதேபோல் வழி செய்திருக்கிறார்கள்.

பழைய கணினியை அப்படியே பாதுகாத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இணையத்தோடு இணைக்காமல், புதுப்பிக்காமல், வாரம் ஒருமுறை உயிர்ப்பித்து வைத்திருந்தால் அது நல்ல வழியே. ஆனால் கணினி வட்டு பழுதாகி மறுபடி நிறுவ நேர்ந்தால் உரிமத்தைச் சரிபார்க்கும் தொலைவழங்கி பதில் சொல்ல வேண்டும். சிஎஸ்2 தொகுப்புக்கான அந்த வழங்கியை அடோபி 2012 முடிவில் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காகச் சரிபார்ப்பு தேவையில்லாத பிரதியைத் தர வேண்டி வந்தது. எல்லாப் பதிப்புக்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டலினாவோடு அறிமுகமான மேக்குகளில் மொஹாவியை நிறுவவும் முடியாது. ஆப்பிள் சில்லுள்ள மேக்குகளில் மெய்நிகர் கணினியாகவும் அது வேகமாக ஓடாது, ஏனென்றால் அது இன்டெலுக்காக எழுதப்பட்டது.

எனவே, திறக்கும் கணினி ஒன்றாவது கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஒன்று, இன்டிசைன் கோப்பானால் ஐடிஎம்எல் ஒன்று, இணைந்த படங்கள் எல்லாம் ஒரே உறைக்குள். காணொளியானால் முடிந்த வடிவத்தோடு தனித்தனித் தடங்கள். தமிழ்ப் புத்தகமானால் இவற்றோடு உரையை ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி ஒன்றும் வேண்டும். பாமினியில் அமைத்த பிடிஎஃப்பில் தமிழ் தெரிகிறதே தவிர, அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் அந்த நான்கு ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான் வரும்.

ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பகுதியைச் சரியாகவே செய்கின்றன. கொம்பு முன்னால் தட்டப்பட்டு மெய் பின்னால் வரும் பழைய வரிசையை, மெய் முன்னும் கொம்பு பின்னுமாக அவை திருப்பிப் போட்டுவிடும். ஆனால் 8 பிட் எழுத்துருக்களில் இடத்தை மிச்சம் பிடிக்க, ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்கு எனத் தனி வடிவம் வைக்காமல் ளகரத்தையே பலரும் பயன்படுத்தினார்கள். "ஔவை" கோப்பில் ஒ, ள, வை என்றுதான் கிடக்கிறது. "ஒளி"யும் ஒ, ள என்றே தொடங்குகிறது. எல்லா இடத்திலும் இரண்டையும் சேர் என்று நிரலுக்குச் சொன்னால் "ஒளி" கெட்டுவிடும், சேர்க்காதே என்று சொன்னால் அவ்வைப் பாட்டி "ஒளவை" ஆகி நிற்பாள். "கௌதமன்" சரியானால் "தெளிவு" பிழையாகும், "தெளிவு" தப்பித்தால் "கௌதமன்" திணறுவான். சொற்பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் அது தடுக்கும். மாற்றிய பிரதியை அச்சான புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்பிட்டு, இந்த ளகரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.